விட்டுக்கொடுத்த கொள்ளி

கிணற்றடியில் கடைசிக் குடத்தையும் தலையோடு ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலை காலைத் தடுக்க யோகப்பிரியா வாசலுக்கு வந்தபோது, தாய்மாமன் பூபதிராஜா காதில் ஃபோனை வைத்தபடியே கையைக் காட்டி அவளை நிறுத்தினார். பந்தலுக்குக் கீழே அப்பா அப்புசாமி கோடித்துணி போர்த்திப் படுத்திருந்தார். தீச்சட்டியில் வறட்டி கனிந்து புகைந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கத்தான் அவள் குளித்துவிட்டு வந்தாள்.

"லீவு நாள்னாலும் மனசு எறங்கி உட்டுட்டாங்களாம் கண்ணு," என்றார் மாமா. "நம்ம அருளு வர்றான். சித்தூரு தாண்டிட்டாங்களாம்."

அவ்வளவுதான். அதுவரை ஓய்ந்து கிடந்த அழுகை பந்தலில் புதிதாகக் கிளம்பியது. கடவுள் கண்ணைத் திறந்துவிட்டான் என்றாள் ஒருத்தி. தகப்பன் முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறான் என்றாள் இன்னொருத்தி. ஈரம் சொட்டச் சொட்ட நின்றவளை, போய் வேறு சேலை கட்டிக்கொள் என்று சொல்லக்கூட ஒரு நாக்கு இல்லை.

யோகாவுக்கு வயிறு எரிந்தது. சொல்லிவிட்டால் என்ன, இதில் மறைக்க என்ன இருக்கிறது?

காலையில் இதே மாமாதான் சொன்னார். இன்றைக்கு ஞாயிறு, அருள் வழக்கைப் பார்க்கும் போர்டு உட்காராது, பையனை விடமாட்டார்கள், நீயே கொள்ளி வைத்துவிடு என்று. இந்தப் பக்கம் பெண் கொள்ளி வைத்து யாரும் பார்த்ததில்லை. பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனாலும் வேறு வழியில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். அந்த நிமிஷம் அப்பா செத்துக் கிடக்கிறார் என்பதையும் தாண்டி அவள் நெஞ்சில் ஏதோ நிமிர்ந்தது. கடைசியில் ஒன்றாவது தனக்கென்று வந்ததே என்று நினைத்தாள்.

தம்பி அருள்குமாருக்குப் பதினேழு. கூட்டாளி ஒருத்தன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனவன், கோவிந்தாபுரம் செக்போஸ்டில் கஞ்சாப் பொட்டணத்தோடு பிடிபட்டான். முதல் தடவை ஜாமீனில் விட்டார்கள். மறுபடியும் அதே கூட்டாளி, அதே வண்டி. இந்தத் தடவை ஹோமில் வைத்துவிட்டார்கள். வழக்கு முடியும்வரை பிள்ளைகளை வைத்திருக்கும் இடம் அது. ஜெயில் என்று சொல்லக் கூடாது, ஹோம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்தார். ஊர் என்னவோ 'உள்ள இருக்கறான்' என்றுதான் சொன்னது.

பார்க்க விடும் நாள் தவறாமல் அப்பா போவார். நேந்திரம்பழம், முறுக்கு, கிடைத்தால் ஒரு புதுப் பனியன். ஒரு நாள் போய்விட்டுத் திரும்பும் பஸ்ஸிலேயே வாய் கோணி, வலக்கை விழுந்துவிட்டது. அம்மா இல்லாத வீட்டில் அதற்குப் பிறகு குளிக்க வைத்ததும் கஞ்சி ஊட்டியதும் பீத்துணி அலசியதும் யோகா. அதற்கு நடுவில் நாலு மாட்டையும் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றியதும் அவள்தான். பெண் பார்க்க வந்த இரண்டு இடமும் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்துவிட்டு, காப்பி குடித்ததோடு சரி. பார்க்க வந்த சொந்தமெல்லாம் என்ன சொன்னார்கள்? "பையன் நெனப்புலயே இப்பிடி ஆயிட்டாரு." வாசலில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் அப்பாவின் கண்ணும் அங்கேதான் போகும், ஸ்பூன் பிடித்த அவள் கை முன்னால் காத்துக்கொண்டிருக்கும்.

கார் வந்தது. அருள் இறங்கினான். இளைத்திருந்தான், தலை ஒட்ட வெட்டியிருந்தது. "அங்கயே மொட்டையடிச்சுட்டு வந்துட்டியே சாமி," என்று அத்தை கமலாத்தாள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். உள்ளே இருக்கும் எல்லாப் பையன்களுக்கும் மாதாமாதம் அப்படித்தான் வெட்டுவார்கள். அதை எடுத்துச் சொல்ல யோகாவுக்கு நாக்கு துறுதுறுத்தது.

அவனோடு இறங்கியவன் தாடிக்காரன், கட்டம் போட்ட சட்டை, முப்பது வயதிருக்கும். அத்தை அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டா, எங்க பையனக் கெடுத்து உள்ள தள்ளுனது பத்தாதுன்னு எழவூட்டுக்கும் கூடவே வந்துட்டியா? உன்ற ஊட்ல அப்பன் ஆத்தா இல்ல?"

அருள்தான் அத்தையின் கையைப் பிடித்தான்.

"அத்த, அவுரு போலீசுங்க. பிஜு சாரு."

பிள்ளைகளைக் கூட்டி வரும் போலீஸ் காக்கி போடக் கூடாதென்று சட்டம் இருப்பது அத்தைக்கு எப்படித் தெரியும்? பிஜு தாடியைத் தடவிக்கொண்டு, "சாரமில்ல அம்மா, பரவால்ல," என்றான் பாதி மலையாளத்தில். "நாலு மணிக்கு முன்ன திரிச்சு போகணும். அத்ரதான்."

அந்த நாலு மணியில்தான் வந்தது வினை.

கொள்ளி வைத்தவன்தான் நாளைக்குச் சாம்பலில் பால் தெளிக்க வேண்டும், கருமாதிவரை எல்லாம் அந்தக் கையால்தான் நடக்க வேண்டும். இவன் நாலு மணிக்குப் போய்விட்டால் நாளைக்கு யார் கை? ஒரு பெரியவர், மகன் இருக்கும்போது மகள் கொள்ளி வைப்பது குடும்பத்துக்கு ஆகாது என்றார். இன்னொருவர், பாதியில் கை மாறினால் செத்தவருக்கே ஆகாது என்றார். மாமா இரண்டு பேருக்கும் தலையாட்டினார். யோகா தூணோரமாக நின்றாள். சேலை உடம்போடு காய ஆரம்பித்திருந்தது. அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பாள்.

"அக்காளே வெக்கட்டுங்க மாமா," என்றான் அருள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அக்காதான அப்பாவப் பாத்துக்கிட்டுது. நான் என்ன பண்ணுனேன்? நான் தோள் மட்டும் குடுக்கறனுங்க."

அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மாமா கண்ணைத் துடைத்தார். "தங்கம்டா நீ. கொள்ளியவே அக்காளுக்கு உட்டுக் குடுத்துட்டியே."

உட்டுக் குடுத்துட்டானாம். காலையில் அவளுடையதாக இருந்ததை எடுத்து, தன்னுடையதாக்கி, திருப்பித் தந்து, நல்ல பேரும் வாங்கிக்கொண்டான். யோகா தீச்சட்டியைத் தூக்கினாள். கயிறு உள்ளங்கையை அறுத்தது. அறுக்கட்டும் என்று இறுக்கிப் பிடித்தாள்.

பாடையைத் தூக்க ஒரு தோள் குறைந்தது. யாரும் சொல்லாமலே பிஜு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அருளுக்குப் பின்னால் தோள் கொடுத்தான். அத்தை வைத்த கண் வாங்காமல் அவனையே பார்த்தாள்.

சொந்தத் தோட்டத்தில், தென்னை வரிசைக்கு அந்தப்புறம் விறகு அடுக்கியிருந்தார்கள். யோகா மூன்று சுற்றுச் சுற்றிவந்தாள், குடம் உடைத்தாள், திரும்பிப் பார்க்காமல் கொள்ளியை வைத்தாள். ஒன்றும் பிசகவில்லை. அதைப் பார்க்கத்தான் ஆளில்லை. தீ பிடித்ததும் கூட்டமெல்லாம் அருளைச் சுற்றி நின்றது. சாப்பிட்டியா, அங்கே அடிக்கிறார்களா, எப்போது விடுவார்கள்? அவன் காலடி மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுகிறானா என்று பார்த்தாள். அழவில்லை. அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது.

மோட்டார்த் தண்ணீரில் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது தொழுவத்திலிருந்து கத்தல் கேட்டது. இரண்டு மாடு கறக்காமலே நின்றன. விடியலில் இரண்டைக் கறந்து முடித்தபோதுதான் அப்பாவுக்கு மூச்சு இழுத்தது, மற்ற இரண்டும் அப்படியே நின்றுவிட்டன. மடி கல்லாகக் கட்டியிருந்தது.

"மாட்டுக்கு எழவு தெரியுமா," என்று முனகிக்கொண்டே அவள் பாத்திரத்தை எடுத்தாள்.

பின்னாலேயே அருள் வந்தான். "ஒண்ண நான் கறக்கட்டுங்களா சார்?"

பிஜு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு தொழுவ வாசலில் கிடந்த கல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

இரண்டு மாட்டுக்கு நடுவில் முதுகும் முதுகுமாக அக்காளும் தம்பியும் குந்தினார்கள். பால் பாத்திரத்தில் பீய்ச்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா."

அவள் கறந்துகொண்டே இருந்தாள்.

"அப்பா அங்க வந்தா உன்னப் பத்தியேதான் பேசுவாரு. யோகா தனியா நாலு மாட்டக் கறக்கறா, யோகா ரேஷன் ஆபீசுல போய் சண்ட போட்டு அரிசி வாங்கிட்டு வந்தா, யோகா மட்டும் பையனாப் பொறந்திருந்தா... உக்காந்திருக்கறதே அர மணி நேரம். எனக்குன்னு ஒரு வார்த்த இருக்காது. முறுக்க என்ற கையில குடுத்துட்டு உன்ற கதைய ஆரம்பிச்சுருவாரு." கை நிற்காமல் சொல்லிக்கொண்டே போனான். "எனக்குப் பத்திக்கிட்டு வரும். கடைசியா வந்தன்னிக்கு, அவளப் பத்திப் பேசறதுன்னா இனி வராதீங்கன்னு சொல்லிப்புட்டேன். அப்பவே எந்திரிச்சுப் போனாரு."

அந்த நாள்தான் பஸ்ஸில் வாய் கோணியது.

யோகாவின் கை மடியிலேயே நின்றுவிட்டது. அவளைப் பார்த்து அப்பா ஒரு நாளும் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. அவர் சொல்லாததையெல்லாம் இவன் அரை மணி அரை மணியாக உட்கார்ந்து வாங்கி வைத்திருக்கிறான். இன்னும் சொல்லடா, வேறென்ன சொன்னார் என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் உடைந்துவிடுவோம் என்று தெரிந்தது. மாட்டின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

வெளியே பிஜு தொண்டையைச் செருமினான். எழுந்திருக்கச் சொல்லவில்லை.

இழவு வீட்டுப் பால் இன்றைக்குச் சொசைட்டிக்குப் போகாது. கன்றுக்கு விட்டது போக மிச்சத்தைக் கீழேதான் கொட்ட வேண்டும். யார் பாத்திரம் நிறைந்தால் என்ன? முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு யோகா ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்தாள். இத்தனை மாதம் கறக்காத கை, ஆனாலும் அவன் பாத்திரத்தில் நுரை அவளுடையதைவிட இரண்டு விரற்கடை மேலே ஏறியிருந்தது.

அவள் வேகமாகக் கறக்க ஆரம்பித்தாள்.