வேம்புலியின் முதுகுவலி ஊரைச் சுற்றி வந்த வரலாறு

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டும் வேம்புலியின் முதுகுவலி, முதன்முதலாக இன்னொருவர் முதுகுக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு, வண்டி சென்னீர்க்குப்பத்தைத் தாண்டும்போது. வாங்கிக்கொண்டவர் பூக்காரி கன்னியம்மாள். அவர் செய்த ஒரே குற்றம், பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, ஒரு சைடா குந்திகினு ஓட்ற? முதுகா? திருமழிசையாண்ட ஒர்த்தரு எண்ணெ தடவி உட்றாரு, அவராண்ட போ" என்று சொன்னதுதான். சொன்ன வாய் மூடுவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பூக்கூடை மேல் சாய்ந்தார். முன்னால் வேம்புலி நான்கு வருஷத்தில் முதல்முறையாக நேராக நிமிர்ந்தார். தலை கூரையில் இடித்தது. வண்டியின் கூரை இவ்வளவு தாழ்வு என்பதையே அவர் மறந்திருந்தார்.

நாற்பத்தாறு வயது வேம்புலிக்கு வலி வந்ததற்கு யாரும் ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை. மெட்ரோவுக்காகத் தோண்டிய சாலை, மூடிய சாலை, மூடியதை மறுபடி தோண்டிய சாலை என்று ஒரு நாளைக்கு இருபது நடை அந்தப் பள்ளங்களில் இறங்கி ஏறினால் இரும்புக்கே முதுகு ஒடியும். வலியை அவர் பொறுத்துக்கொண்டிருந்தார். ஆனால் சமீபமாக வலது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. பிரேக்கை மிதிக்கிற கால் அது. பருத்திப்பட்டில் ஒருநாள் மிதித்தோமா இல்லையா என்று காலுக்கே தெரியாமல், பள்ளிக்கூட வேனுக்கு ஒரு சாண் தூரத்தில் வண்டி நின்றது. அன்று முதல் அவருக்குப் பயம். ஒரு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்கேனைப் பார்த்து, உடனே ஆபரேஷன் என்றார். இன்னொரு ஆஸ்பத்திரி டாக்டர் அதே ஸ்கேனைப் பார்த்து, கத்தியே படக்கூடாது என்றார். வெட்டினால் ஆறு மாதம் வண்டி ஓட்ட முடியாது, வெட்டாவிட்டால் என்றைக்கும் ஓட்ட முடியாமல் போகலாம். ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாத மனிதர் யாரிடம் போவது என்று தெரியாமல் விழித்தார்.

வலி நடந்துகொள்ளும் முறை பத்து நாளில் பிடிபட்டது. 'இன்னாரிடம் போ' என்று யார் சொன்னாலும் வலி அவருக்குப் போய்விடும். வேம்புலி அந்த இன்னாரின் வாசற்படியை மிதிக்கிற நிமிஷம் திரும்பி வந்துவிடும். திருமழிசை எண்ணெய்க்காரர் வாசலில் வேம்புலி கால் வைத்தபோதுதான், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் கன்னியம்மாள் கையிலிருந்த பூவை முழம்போட்டு அளந்து முடித்து எழுந்து நின்றார். எண்ணெய்க்காரர் நாற்பத்தொரு நாள் தொடர்ந்து தன்னிடமே வரச் சொன்னார். சொன்ன மறுநாள் கடை பூட்டிக் கிடந்தது. பக்கத்து டீக்கடையில் விசாரித்ததில், எண்ணெய்க்காரர் முதுகு பிடித்துக்கொண்டு வேறு ஒருவரிடம் எண்ணெய் தடவிக்கொள்ளப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

இந்தப் பக்கத்தில் கேட்காமலே கிடைக்கிற சரக்கு மருத்துவ யோசனை. ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்காரர்களும் இருக்கிறார்கள், ஜில்லாவுக்கு ஒரு எலும்பு வைத்தியர் உண்டு. ஆகவே அந்த இரண்டு மாதத்தில் வலி ஒரு டெய்லரிடமும், இரண்டு ஆசிரியைகளிடமும், டயர் கடை முதலாளியிடமும், தன் சொந்த முதுகுவலிக்காக வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவரிடமும் போய் வந்தது. கடைசி ஆள் பாவம், இரண்டு வலியில் எது தன்னுடையது என்று தெரியாமல் டாக்டரிடம் இரண்டு டோக்கன் கேட்டார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பன்னிரண்டாம் தேதி வந்து படுத்துவிடச் சொன்னார். வலி அவருக்குப் போனது. பத்தாம் தேதியே ஆள் விட்டு வேம்புலியை அழைத்து, ஆபரேஷனுக்கு என்ன அவசரம், கொஞ்ச நாள் பார்க்கலாமே என்றார். கத்தி கூடாது என்ற டாக்டரோ, வலி பாதி மனதில்தான் இருக்கிறது, மாத்திரை தருகிறேன், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். மூன்றாம் நாள் காலையில் அவரே போன் செய்து, நடுங்குகிற குரலில், உடனே வெட்டிவிடுவதுதான் உத்தமம் என்றார். வெட்டு என்றவர் வேண்டாம் என்கிறார், வேண்டாம் என்றவர் வெட்டு என்கிறார். முன்பு வேம்புலிக்கு இருந்தது ஒரு குழப்பம், இப்போது அதுவே இரண்டாகி நின்றது.

இதற்கு நடுவில் வேம்புலி ஒரு பாவமும் செய்தார், அதையும் எழுதத்தான் வேண்டும். ஆவடி தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற பார்த்தசாரதி, தங்கமான மனிதர், அம்பத்தூரில் ஒரு டாக்டரின் பெயரைச் சொல்லி, விலாசத்தையும் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். வேம்புலி போகவில்லை. இன்று சவாரி அதிகம், நாளை அமாவாசை, மறுநாள் மழை என்று ஒன்பது நாள் தள்ளினார். அந்த ஒன்பது நாளும் கால் மரக்கவில்லை, பிரேக் சொன்ன பேச்சைக் கேட்டது, ராத்திரி குப்புறப் படுத்துத் தூங்கினார். பத்தாம் நாள் பார்த்தசாரதியின் மனைவி வண்டியை நிறுத்தி ஏறினார். எதுவும் கேட்கவில்லை. இறங்கும்போது மட்டும், "அவரு தரையிலதான் படுத்திருக்காரு தம்பி. டாய்லெட்டுக்கு நான்தான் பிடிச்சிட்டுப் போறேன்" என்றார். வேம்புலி வண்டியை அப்படியே அம்பத்தூருக்குத் திருப்பினார். டாக்டரின் வாசற்படியில் ஏறியதும் வலி வந்து விழுந்தது, அங்கேயே உட்கார்ந்து அழுதார். பார்ப்பவர்கள் வலியால் அழுவதாக நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஊர் வாயை மூடிக்கொண்டது. வேம்புலி வண்டியில் ஏறியவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள், குத்தம்பாக்கத்துப் புது பஸ் ஸ்டாண்டைப் பற்றிப் பேசினார்கள், எந்த டாக்டர் பெயரும் வாய் தவறி வந்துவிடாதபடி பல்லைக் கடித்தார்கள். இருபது வருஷ சிநேகிதரும் மெக்கானிக்குமான ஷவுகத் அலிகூட, ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "மச்சான், உனுக்காவ துவா செய்றேன், எஞ்சின் எறக்கி ஏத்தித் தர்றேன், அது மட்டும் கேக்காத. நான் குனிஞ்சி வேல செய்றவன்" என்றார். வேம்புலிக்குக் கோபம் வரவில்லை. ஆனால் யோசனை சொல்ல ஆளே இல்லாத தெருவில் நடப்பது எவ்வளவு பயமானது என்று அன்றுதான் தெரிந்தது. கால் தொடைவரை மரத்திருந்தது. வாரம் இரண்டு நாள் வண்டியை எடுக்கவே இல்லை.

அவர் மனைவி தாட்சாயிணி அம்பத்தூர் எஸ்டேட்டில் நின்றுகொண்டே பார்சல் கட்டுகிற வேலையில் இருப்பவர். எந்தப் பெயரையும் சொல்லக்கூடாது என்று வேம்புலி அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அந்த அம்மாள் சத்தியத்தைக் காப்பாற்றினார். ஒரு சனிக்கிழமை லீவு போட்டு, "வா" என்று ஒரு சொல் மட்டும் சொல்லி, வேறொரு ஆட்டோவில் அவரை ஏற்றி, டிரைவருக்குக் கையாலேயே வழி காட்டி, கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தெருவில் இறக்கினார். வலி ஊர் சுற்ற ஆரம்பித்த பிறகு, யாரும் சொல்லாமல், தன் வலியைத் தானே சுமந்துகொண்டு ஒரு வாசற்படியை வேம்புலி ஏறியது அதுதான் முதல் தடவை.

உள்ளே இருந்தவர் லாவண்யா என்ற பிசியோதெரபிஸ்ட். முப்பது வயது இருக்கும். ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன், வேம்புலி வண்டியில் எப்படி உட்காருவார் என்று ஸ்டூலில் உட்காரச் சொல்லிப் பார்த்தார். கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி, தன் கையால் அழுத்திப் பார்த்தார். "கேரண்டியெல்லாம் தரமாட்டேன்ணா. இந்த வெரல் தூக்க முடியாமப் போச்சுன்னா நானே உங்கள ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போவேன். இப்போ தூக்குது" என்றார். வேம்புலி கையெடுத்துக் கும்பிட்டு, நடந்ததையெல்லாம் சொல்லி, "மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போவும், மறுபடி வான்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார். லாவண்யா சிரித்தார். நோட்டில் எழுதிக்கொண்டே, "வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க" என்றார்.

பேனா கீழே விழுந்தது. லாவண்யா மேஜையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் அப்படியே நின்றார். நெற்றி வியர்த்தது. தாட்சாயிணி தண்ணீர் கொடுத்தார். பிறகு மேடம் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தார், மறுபக்கம் சாய்ந்தார், ஒரு காலைத் தூக்கி வைத்தார். "இடது பக்கம் ஆரம்பிக்குதுன்னு சொன்னீங்க. இல்லண்ணா, வலது பக்கம்தான் ஆரம்பிக்குது. நீங்க ஒதுங்கி உக்காந்து உக்காந்து இடதுக்கு ஏத்திட்டீங்க." அவ்வளவு நாளில் யாருக்கும் தெரியாத சங்கதி அது. வேம்புலிக்கும் தெரியாது. "வேணாம்னு சொல்லிடுங்க மேடம், நான் எடுத்துனு பூட்றேன்" என்று அவர் பதறினார். லாவண்யா பேனாவை எடுக்கக் குனிய முடியாமல், வேறொரு பேனாவால் அந்த வரியை எழுதி முடித்தார். "வியாழன் பத்து மணி. லேட் பண்ணாதீங்க."

புதன்கிழமை வரை வேம்புலி வலியில்லாமல் வண்டி ஓட்டினார். பிரேக் வெண்ணெயாக இருந்தது. போகாவிட்டால் இது இப்படியே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். வியாழக்கிழமை ஒன்பதரைக்கெல்லாம் கொரட்டூரில் அந்த வாசற்படிக்குக் கீழே நின்றார். முதல் ஆளாக ஏறினார்.

அப்படி வாரம் இரண்டு நாள். படியேறியதும் வலியை வாங்கிக்கொள்வார், முக்கால் மணி நேரம் சொன்னபடி செய்வார், 'திங்கட்கிழமை வாங்க' என்றதும் அது லாவண்யாவுக்குப் போகும். இருவரும் அவரவர் வீட்டில் ஒரே பயிற்சியைச் செய்தார்கள். இப்படியே எட்டாவது மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, படியேறி நின்ற வேம்புலி காத்திருந்தார், ஒன்றும் வரவில்லை. "மேடம், வலி உங்களாண்டயேவா கீது?" "காலைலேருந்து இல்லையே. உங்ககிட்ட வந்திருக்கும்னு நெனச்சேன்." இருவரும் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

வலி போனது, அதன் வழக்கம் மட்டும் போகவில்லை; ஊரில் மற்றவர்கள் முதுகுவலிக்கும் அது தொற்றியிருந்தது. போன மாதம் தேவா என்ற எஸ்டேட் ஊழியர் பின்சீட்டிலிருந்து முனகி, "அண்ணாத்தே, முதுகு உயிர் போவுது. எங்க போறதுன்னே தெர்ல. உனுக்கு யாரு பாத்தாங்கோ?" என்று கேட்டார். வண்டியில் இருந்த எல்லோரும் சட்டென்று வெளியே பார்த்தார்கள். வேம்புலி வண்டியை ஓரங்கட்டினார், ஹேண்ட் பிரேக்கைப் போட்டார், ஒரு மூச்சு இழுத்து விட்டார். "கொரட்டூர். ஏரியாண்ட. லாவண்யா மேடம்" என்றார். பின்னால் தேவா நிமிர்ந்து உட்கார்ந்தார், அவர் தலை கூரையில் இடித்தது. முன்னால் வேம்புலி கொஞ்ச நேரம் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி இருந்தார். "இன்னிக்கே போய்டு நைனா" என்று சொல்லிவிட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். காடுவெட்டியில் இரண்டு பேர் இறங்கினார்கள், ஒருவர் ஏறினார்.