நூற்றுக்குத் தொண்ணூற்றாறு

சைலன்சர் கழன்ற மோட்டார் சைக்கிள் ஒன்று வெடித்துக்கொண்டு வந்து, மலேசியாவில் லகாட் ஊர்ப் பக்கத்துப் பழைய தோட்ட மண்டபத்தின் வாசலில் நின்றது. உள்ளே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த கலாதேவி பதறித் திரும்பினாள்.

"கலாக்கா! மார்க் போடுற சார் வாராரு. முச்சந்திய தாண்டிட்டாரு!" என்றான் பவித்ரன்.

"அது சரி, நீ ஏன்டா இந்தச் சட்டையில வந்திருக்க?"

கையுறைத் தொழிற்சாலையின் நீலச் சீருடை. அங்கே அவனை வேலையிலிருந்து நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது.

"யுவனேஸ்வரன்கிட்ட இரவல் வாங்கினேன்லா. நீங்க பேசாம இருங்க. நாங்க பாத்துக்குறோம்."

கலாதேவி இளைஞர் மேம்பாட்டு ஊழியர். ஒன்பது வருடமாக ஒப்பந்த வேலை. ஈப்போவிலிருந்து வரும் அதிகாரி அவளுடைய பத்துத் திறன்களுக்கு இன்று மதிப்பெண் போடுவார். எழுபதுக்குக் குறைந்தால் மாதக் கடைசியோடு வேலை போய்விடும். தோட்டத்துப் பிள்ளைகளிடம் அவள் சொன்னது ஒன்றுதான்: "உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

அதிகாரி யுகேந்திரன் அவளைவிட வயதில் சிறியவர். மதிப்பெண் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, எண்ணெய் வைத்து வாரிய இருபது தலைகளைப் பார்த்தார்.

"பிரச்சன இருந்தா தைரியமா சொல்லுங்க."

பவித்ரன் எழுந்தான். "வேல நல்லா போவுது சார். அடுத்த மாசம் சூப்பர்வைசர் ஆக்குறாங்க."

அதிகாரி அவன் சட்டைப் பையில் தைத்திருந்த பெயரைப் படித்தார். "வாழ்த்துகள், யுவனேஸ்வரன்."

"நன்றி சார்."

அடுத்து துளசி. அடையாள அட்டை கிடைக்காததால் எந்தக் கல்லூரியிலும் சேர முடியாமல் இருப்பவள். அவளைக் கூட்டிக்கொண்டு கலாதேவி பதிவு அலுவலகத்துக்கு ஆறு முறை போய் வந்திருந்தாள்.

"காலேஜ் போறேன் சார். ஹாஸ்டல் சாப்பாட்டுலதான் உப்பு ஜாஸ்தி."

கலாதேவி பின்னாலிருந்து கண்ணை உருட்டினாள். அக்கா உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து, அடிதடியில் கிழிந்து கையில் ஏழு தையல் போட்டிருந்த ஒருவன் துள்ளி எழுந்தான்.

"கையில என்ன?"

"பூப்பந்து சார்."

"ஏழு தையலா?"

"ஃபைனல் சார்."

கலாதேவியால் பொறுக்க முடியவில்லை. "சார், துளசி விஷயத்துல உண்மை என்னன்னா..."

"அக்கா இப்படித்தான் சார்," என்று துளசி குறுக்கே விழுந்தாள். "அவங்க செஞ்சத சொன்னா அவங்களுக்குப் பிடிக்காது."

அதிகாரியின் பேனா நிற்காமல் ஓடியது. கடைசியில் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். தொண்ணூற்றாறு. பையன்கள் விசில் அடித்தார்கள். பவித்ரன் இரவல் சட்டையோடு நாற்காலிமேல் ஏறி ஆடினான். கலாதேவிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப கொண்ட்ராக்ட் நீட்டிச்சிடுவாங்களா சார்?" என்று கேட்டாள்.

யுகேந்திரன் மலர்ந்த முகத்தோடு பேனாவை மூடினார்.

"இங்க யாருக்கும் ஒரு பிரச்சனையும் இல்லன்னு எழுதிட்டேன்க்கா, இனிமே இந்த எடத்துக்கு ஆள் எதுக்கு?"