வரிசை கம்மியான கவுண்டி

...வெர்லின் அந்த லாரியில் மட்டும் வந்திருந்தால் இந்த மாவட்டத்தின் கவுண்டி ஆபீஸ் வாசலிலேயே என் மானம் கப்பலேறியிருக்கும், கதவில் இத்தனை பெரிய எழுத்தில் ‘வெர்ல் டீட்ஸ், செப்டிக் டேங்க் சுத்தம் செய்யப்படும்’ என்று எழுதியிருக்கிறதே, கீழே போன் நம்பர் வேறு, அதனால்தான் என் காரில் போகலாம் என்றேன், மனுஷன் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, வீட்டுக்குள் போய் ஒரு துண்டை எடுத்துவந்து என் கார் சீட்டில் விரித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார், சீட் பாழாகிவிடுமாம். இரண்டு தடவை குளித்திருப்பார் போல, சோப்பு வாசனை கார் முழுக்க, ஆனாலும் துண்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எதற்குச் சொல்ல வேண்டும், சீட் புதுசு... இப்போது இந்த வரிசையில் நிற்கிறோம். இங்கே வரிசை கம்மி என்று சொல்லித்தான் மலையைத் தாண்டி இழுத்துவந்தேன், பார்த்தால் ரயில் நீளத்துக்கு நிற்கிறது, ஜூன் மாதம் வந்தால் இந்த பென்சில்வேனியாவில் எல்லாருக்கும் புத்தி கெட்டுவிடும் போல. எனக்கு முன்னால் ஒரு பையன், தூங்கும்போது போடுகிற பைஜாமாவோடு வந்திருக்கிறான், கல்யாண லைசென்ஸ் வாங்கப் பைஜாமா! அவன் பக்கத்தில் நிற்பவள் கழுத்தில் ஒரு பெயரைப் பச்சை குத்தியிருக்கிறாள், அது இவன் பெயர் இல்லை, இவனை அவள் டைலர் என்று கூப்பிடுகிறாள், கழுத்தில் இருப்பது வேறு யாரோ. ஐடி கார்டை யார் மறந்தது என்று இருவரும் சண்டை. ‘நீதானடா பர்ஸை வச்சிருந்தே!’ ‘உன் பையில போடுன்னு சொன்னேனா இல்லியா?’ விண்ணப்பம் கொடுத்தபின் மூன்று நாள் யோசிக்க அரசாங்கம் அவகாசம் தருகிறது, இவர்களுக்கு மூன்று வருஷம் கொடுத்தாலும் போதாது.

நான் சிரிக்கலாமா, ஐம்பத்தொன்பது வயதில் நானும்தானே நிற்கிறேன்... ஆனால் நான் வேறு, நான் ஹெரால்டின் மனைவியாக இருந்தவள், பாங்க் மேனேஜர் ஹெரால்டு, எங்கள் கல்யாணப் படம் பேப்பரில் அரைப் பக்கத்துக்கு வந்தது. இந்தப் பேப்பர்தான் இப்போது என் தலைவலி. ஒவ்வொரு வியாழனும் எங்கள் ஊர்ப் பேப்பரில் அந்த வாரம் லைசென்ஸ் கேட்டவர்கள் பட்டியலைப் போடுவார்கள், நானும் அக்கா லோயிஸும் டைனர் ஓட்டலில் காபியோடு அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்போம், அக்காவுக்குக் கணீர்க் குரல், சர்ச்சில் வேதம் வாசிப்பவள் அல்லவா. ‘கேளுடி ஆர்லீன் கூத்த, பேக்கரிக்காரன் மக மூணாவது ரவுண்டு வர்றாளாம்!’ நான் சும்மா இருப்பேனா, ‘நாலாவதுக்கும் இப்பவே ஹால் பிடிச்சு வைக்கச் சொல்லுக்கா, சலிசா கிடைக்கும்’ என்பேன், பக்கத்து மேஜைக்காரர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தப் பட்டியலில் வெர்ல் டீட்ஸ், ஆர்லீன் ஹவ்ராக் என்று வந்தால்... அக்கா அதை எப்படி வாசிப்பாள் என்று எனக்குத் தெரியும், டீட்ஸ் என்ற இடத்தில் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். இந்த மாநிலத்தில் எந்தக் கவுண்டியில் வாங்கினாலும் லைசென்ஸ் செல்லும், மலைக்கு இந்தப் பக்கம் வேறு பேப்பர், எங்கள் ஊரில் அதை ஒருவரும் தொடமாட்டார்கள். கல்யாணம் முடிந்து மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். அல்லது சொல்லாமலே... அதெப்படி முடியும்?

மனுஷன் எங்கே போனார்? அதோ, ஜன்னலோரம், அங்கே ஒரு அம்மாள் தலைமுடியில் பென்சிலைச் செருகிக்கொண்டு பழைய கல்யாணப் பதிவுப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள், கொள்ளுப்பாட்டியைத் தேடுகிறாளாம், ஊரைக் கூட்டிச் சொல்கிறாள், வேலையற்றவள், செத்துப்போனவர்கள் யாரைக் கட்டிக்கொண்டால் இவளுக்கென்ன. வெர்ல் அவளுக்கு அந்தத் தடிப்புத்தகத்தைத் தூக்கி மேஜையில் வைத்துக் கொடுக்கிறார். போகிற இடமெல்லாம் யாருக்காவது எதையாவது தூக்கிக் கொடுக்க வேண்டும் இவருக்கு, அந்தக் கோட்டைப் பார், சவ அடக்கத்துக்குப் போடுகிற கோட்டு, போன சாவில் கொடுத்த ஜெப அட்டை இன்னும் மேல் பையில் எட்டிப் பார்க்கிறது. திரும்பி வந்து என் காதில் சொல்கிறார், ‘ஆர்லீன், யாரு வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுவாங்களாம், நூறு வருஷத்துக்கு முந்தி கட்டினவங்ககூட இருக்காங்க, நம்மளையும் ஒருநாள் யாராச்சும் இப்படித் தேடுவாங்க.’ யார் தேடுவது? இவருக்கு முன்னே பின்னே யாரும் இல்லை, அறுபத்தாறு வயது வரை கல்யாணமே செய்யவில்லை, என் பிள்ளையோ அரிசோனாவில் இருக்கிறான், என் போன் நம்பரையே தேடமாட்டான். ‘மெதுவா பேசுங்க’ என்றேன்.

எப்படி இது இவ்வளவு தூரம் வந்தது... எல்லாம் அந்த நன்றித் திருநாள் விருந்தால், அடுப்பில் வான்கோழி, வீடு நிறைய ஜனம், குளியலறையில் சாக்கடை எதிர்த்து வந்துவிட்டது, அக்கா குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது, எத்தனை பேருக்குப் போன் செய்தும் ஒருவரும் எடுக்கவில்லை, இவர் ஒருவர்தான் வந்தார். ஹெரால்டு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார், ஓட்டலில் ரூம் போட்டிருப்பார், அவருக்கு மட்டும். வேலை முடிந்ததும் உள்ளே வாருங்கள் என்று ஒரு மரியாதைக்குச் சொன்னேன், ‘இந்த பூட்ஸோடயா?’ என்று சிரித்தார், சமையலறை ஜன்னல் வழியாகப் பூசணிக்காய் இனிப்பு ஒரு துண்டு நீட்டினேன், பனியில் நின்றபடியே தின்றுவிட்டுத் தட்டைப் பனியிலேயே தேய்த்துத் திருப்பிக் கொடுத்தார். பளபளவென்று இருந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வாசல் பனியை வாருகிறேன் என்று வருவார், பனி இல்லாதபோதும் வந்தார்... அவர் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வாசலை எத்தனை தடவை எட்டிப் பார்த்தேன், வெட்கக்கேடு, யாரிடம் சொல்வது. எனக்கு இந்த மனுஷன் வேண்டும், அதுதான் உண்மை, யாருக்கும் தெரியாமல் வேண்டும்.

எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் சூயிங்கம் மெல்லும் ஒரு சின்னப் பெண், வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்யச் சொன்னாள், என்னவோ திருடிவிட்டுப் பிடிபட்ட மாதிரி, வெர்ல் கையைத் தோளுக்கு மேலே உயர்த்தி, ‘சத்தியமா’ என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார், நான் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். எல்லாம் முடிந்தது, கிளம்ப வேண்டியதுதான், அப்போதுதான் அவர் கண்ணாடிப் பக்கம் குனிந்து கேட்டார், ‘ஏம்மா, மலைக்கு அந்தப் பக்கம் எங்க ஊரு, எங்க பேப்பர்ல இது வராதா?’ அந்தப் பெண் மெல்லுவதை நிறுத்திவிட்டு, ‘வருமே சார், ரெண்டு பேப்பரையும் ஒண்ணாக்கிட்டாங்க, இந்த வாரத்துலேர்ந்து ரெண்டு கவுண்டி லிஸ்டும் ஒரே பக்கம்தான்’ என்றாள். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, இந்த வயதில் ஒருவருக்குக் காதுவரை சிவக்குமா? ‘வரும்ங்குறாங்க ஆர்லீன்! நான் ஒவ்வொரு வியாழனும் வாசிப்பேன், யார் யாருக்கு நல்லது நடக்குதுன்னு, அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனா ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வரலாம்ல. நம்மளத வெட்டி லாரியில முன்கண்ணாடிக்கு மேல சொருகி வச்சுக்குவேன்.’

வியாழனா, இந்த வியாழனா... என் கை தானாகவே கண்ணாடிமேல் தட்டியது, ‘போடாம இருக்க வழி இல்லையா?’ என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. ‘வேண்டாம்னா அடியில அந்தக் கட்டத்துல டிக் பண்ணுங்க மேடம், பேப்பருக்குப் போகாது, பதிவுல மட்டும் இருக்கும்.’ வெர்ல் என்னைப் பார்த்தார், பிறகு திரும்பி அந்த ரயில் நீள வரிசையைப் பார்த்தார். ‘இங்க வரிசை கம்மின்னு சொன்னியே’ என்றார். கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, கேள்வியாகக்கூடச் சொல்லவில்லை, காலையில் உள்ளே நுழைந்தபோதே எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார். ‘டிக் பண்ணிரு. உங்கக்கா வாயில எதுக்கு விழணும். சாவியக் குடு, மழை வருது, காரை வாசலுக்குக் கொண்டாறேன்.’ கொடுத்தேன். ஜெப அட்டையைப் பைக்குள் தள்ளிவிட்டுப் போனார்.

பேனா என் கையில். ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான், அவரே போடச் சொல்லிவிட்டார், பிறகென்ன? அக்கா வாசித்தால் வாசிக்கட்டும் என்று இருக்க முடியுமா... டைனர், காபி, அவள் குரல் எங்கள் பெயரில் வந்து நிற்கிறது, பக்கத்து மேஜைகள் திரும்புகின்றன... யார் முதலில் சிரிப்பது? அக்காவாக இருக்காது, அவள் திகைத்துப்போய் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பாள், அந்த மௌனத்தில் எல்லாரும் என் வாயைப் பார்ப்பார்கள், பழக்க தோஷம், நான்தான் சொல்வேன், அவரைப் பற்றி ஏதாவது ஒன்று, நன்றாகவே சொல்வேன், மேஜையே குலுங்கும். நான் மலை தாண்டி வந்தது அக்காவுக்குப் பயந்து இல்லை. ‘மேடம், பின்னாடி ஆள் நிக்கிறாங்க’ என்கிறது சூயிங்கம். பென்சில்காரி ‘கிடைச்சுட்டா, கிடைச்சுட்டா!’ என்று கத்துகிறாள். ஜன்னலுக்கு வெளியே வெர்ல் என் காரின் கதவைத் திறந்துவைத்து, முதுகெல்லாம் மழையில் நனைய, வரும்போது தான் உட்கார்ந்த சீட்டில் இருந்த துண்டை எடுத்து ஓட்டுகிற சீட்டில் விரிக்கிறார், மூலைகளை இழுத்துச் சரிசெய்கிறார். துண்டு வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை.