பதில் பேசிய சுவர்

எனக்கும் என் மனைவிக்கும் சண்டை வந்தால் நடுவில் கூடத்துச் சுவர் வந்துவிடும். "சுவரே, சாப்பாடு எடுத்து வெச்சாச்சுன்னு சொல்லு" என்பாள் அவள். "பசிக்கலைன்னு சொல்லு" என்பேன் நான். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் எங்கள் வழக்கம். பாவம் அந்தச் சுவர், இருவர் திட்டையும் வாங்கிக்கொண்டு கம்மென்று நின்றது.

இந்தத் தடவை மகளின் பிரசவத்தால் சண்டை. மனைவி மறுநாள் மகள் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். என்னையும் வரச் சொன்னாள். மருமகன் வீட்டில் மாதக்கணக்கில் டேரா போட என்னால் முடியாது என்றேன். போன மாதம் குளியலறையில் தலைசுற்றி விழுந்த மனுஷனை எப்படித் தனியே விடுவது, நானும் போகவில்லை என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். மகளுக்கோ அவளை விட்டால் வேறு ஆளில்லை. அதனால்தான், நான் விழுந்தாலும் உதவிக்குக் கூப்பிட வசதியாக, வீறாப்பாக வீட்டுக்கு ஓர் அலாரம் மாட்டச் சொல்லிவைத்தேன்.

வந்த டெக்னீஷியன், ஊரில் வேறு இடமே இல்லாததுபோல், எங்கள் சுவரிலேயே பெட்டியை மாட்டினார்.

"கதவை யாராவது உடைச்சாலோ, நீங்க இந்தப் பட்டனை அமுக்கினாலோ எங்க சென்டருக்குத் தகவல் போகும். அங்க முதல்ல வீட்டுச் சத்தத்தைக் கேட்பாங்க, அப்புறம் பேசுவாங்க. நீங்களும் பதில் பேசலாம்."

"போன் எங்க?"

"போன் வேண்டாம் சார். சும்மா பேசினாப் போதும்."

"யார்கிட்ட?"

"பெட்டிகிட்ட. சிவப்பு எரிஞ்சா லைன் மூடியிருக்கு, பச்சைன்னா திறந்திருக்கு."

"கதவா?"

"லைன் சார்."

எனக்கு மண்டை காய்ந்தது. மனைவி எட்டிப் பார்த்து, "சுவரே, வாங்கறதுக்கு முன்னாடியே இதெல்லாம் கேட்டிருக்கக் கூடாதான்னு கேளு" என்றாள்.

"அம்மா, இன்னும் லைன் கொடுக்கலை. இப்பப் பேசினா அவங்களுக்குக் கேக்காது" என்றார் டெக்னீஷியன்.

"அது என்னைச் சொல்றா" என்றேன். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரால் தலையைச் சொறிந்துகொண்டார்.

பிறகு எதையோ அமுக்கிவிட்டு, "டெஸ்ட் போட்டிருக்கேன், ஏதாவது பேசிட்டிருங்க" என்று சைரன் மாட்ட வெளியே போனார். மனைவி படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பச்சையும் சிவப்பும் மாறி மாறிக் கண்சிமிட்டின. இதற்கு என்ன அர்த்தம் என்று அவர் சொல்லவே இல்லை. பெட்டியிலிருந்து யாரும் பேசவில்லை, லைன் மூடித்தான் இருக்கிறது என்று நினைத்தேன். சுவர் முன்னால் சும்மா நின்றால் என் வாய் சும்மா இருக்காது.

"சுவரே, அவகிட்ட சொல்லிடாத" என்றேன் மெதுவாக. "நேத்து அடுப்படியிலயும் விழுந்தேன். எழுந்திருக்கவே முடியலை. பயமா இருக்கு. தெரிஞ்சா அவ போகமாட்டா. பொண்ணு தனியாக் கிடப்பா."

"சார், அடி ஏதாவது பட்டிருக்கா?" என்று வீடே அதிரக் கேட்டது சுவர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரும்மா நீ?"

"கண்காணிப்பு சென்டர் சார். எழுந்திருக்க முடியலைன்னு சொன்னீங்களே."

"அது நேத்து."

"நேத்திலிருந்து அங்கேயே கிடக்கீங்களா?"

"கிடக்கலைம்மா, நிக்கிறேன்."

"அப்ப பயமா இருக்குன்னது?"

"அதை உன்கிட்ட சொல்லலை. சுவர்கிட்ட சொன்னேன்."

"வீட்டுல வேற யாராவது இருக்காங்களா சார்?" என்றது குரல்.

"நான் இருக்கேன்." பாதி மடித்த சேலையோடு மனைவி படுக்கையறை வாசலில் நின்றாள். சுவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "விழுந்தப்ப நான் எங்க இருந்தேன்?"

"கடைக்குப் போயிருந்த" என்றேன். வெட்கமாக இருந்தது. கூடவே, இனிமேல் மறைக்க வேண்டாம் என்று நிம்மதியாகவும் இருந்தது.

டெக்னீஷியன் உள்ளே வந்தார். "வேலை செய்யுதா சார்?"

"ரொம்ப நல்லா வேலை செய்யுது" என்றாள் அவள். பீரோ மேலிருந்து என் பழைய பையை இழுத்து, தூசி தட்டினாள். "உங்களுக்கு எந்தச் சட்டை எடுத்து வைக்கட்டும்?"

மருமகன் வீடு என்ற கூச்சமாவது, மண்ணாவது. ஆனாலும் பழக்கதோஷம், முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"சுவரே, எதுவானாலும் சரின்னு சொல்லு."

"யார்கிட்ட சார் சொல்லணும்?" என்றது சுவர்.

"என் பெண்டாட்டிகிட்டம்மா" என்றேன். "நீ லைனை மூடு. நானே சொல்லிக்கிறேன்."