கூரைமேல் நின்ற சிரிப்பு

பழுகாமத்தில் இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஆனி மாதம், அம்மன் சடங்கின் நான்காம் நாள் பிற்பகல் எழுந்த சிரிப்பு மூன்று வருடங்கள் ஓயவில்லை. அது ஊரெல்லாம் கேட்கவுமில்லை. சுலோஜனாவின் வீட்டுக் கூரைமேல் மட்டும் நின்றது.

அதை மூட்டியவர் ஒலிபெருக்கிக்காரர் நல்லரத்தினம். கல்யாணம், மரண அறிவித்தல், காணாமற்போன மாடு எல்லாவற்றுக்கும் ஊருக்கு அவர் குரல்தான். மைக் கைக்கு வந்தால் பகிடி விடாமல் இருக்க அவரால் முடியாது. அதைத் திறமை என்று நாற்பத்தாறு வயதுவரை நம்பியிருந்தார். அன்று, ஆறு மாதங்களுக்கு முன் கடல் கொண்டுபோனவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தபோது, சுலோஜனாவின் மகன் உதயரூபன் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினான். இருபது வயதுப் பொடியன்.

"வாகரைப் பிரதீஸ்ட பேரையும் வாசிங்க மாமா."

"ஆரு மனே அவன் உனக்கு?"

"சினேகிதன் எண்டு எழுதியிரிக்கன்." பிறகு மைக்குக்குக் கேட்காத குரலில் சொன்னான்: "எனக்கு எல்லாம் அவன்தான் மாமா. ஒரு வீட்டில ஒண்டா இரிக்கத்தான் நினைச்சம்."

ஒரு மனிதன் இன்னொரு மனிதனை நம்பிச் சொன்னது அவ்வளவுதான். நல்லரத்தினம் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்தார். மைக்கைத் தட்டினார். "அன்பான அடியார்களே, அவசர அறிவித்தல். வாகரைப் பிரதீசின் பெண்சாதி இஞ்ச நிக்கிறா, மீசையோட. ஆரிட்டயும் வெள்ளைச் சீலை இருந்தாக் கொண்டாங்க." கோயில் வீதி முழுக்கச் சிரித்தது, அவரும் சேர்ந்து. கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் வினாயகமூர்த்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். அதன் பிறகு எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கடலை வாங்கப் போனார்கள். சிரிப்பு மட்டும் போகவில்லை. அது உதயரூபனின் பின்னால் வீடுவரை நடந்து, ஓட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

முதல் மாதம் சுலோஜனா யன்னல்களைச் சாத்திப் பார்த்தாள். இரண்டாம் மாதம் வானொலியைக் கூட்டி வைத்தாள். இரண்டாயிரத்து ஏழில் யுத்தத்தின் செல்லடிக்குப் பயந்து பழுகாமம் உள்ளிட்ட படுவான்கரைச் சனமெல்லாம் வாவியைக் கடந்து ஓடியபோது, சிரிப்பும் அவர்களோடு தோணியேறி, முகாமில் முந்நூறு கூடாரங்களுக்கு நடுவே சுலோஜனாவின் கூடாரத்தைச் சரியாகக் கண்டுபிடித்தது. சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். சிரிப்பை எந்தக் கட்டத்தில் பதிவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது அதுவும் திரும்பி வந்தது. நல்லரத்தினம் இவ்வளவு காலமும் அந்தத் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பவில்லை. கேட்டால் தெரு குண்டும் குழியுமாம். ஊரில் எந்தத் தெரு அப்படி இல்லை?

இரண்டாயிரத்து எட்டு ஆனியில் ஒரு மத்தியானம் சுலோஜனா அவர் வாசலுக்கு வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று அவர் உள்ளே ஒளிக்கப் பார்த்தார். முதுகு கதவுக்கு வெளியே நின்றது.

"அண்ணன், என்ட புள்ள போனைத் தங்கச்சிக்குக் குடுத்திட்டான். சேட்டுகளை எல்லாம் கழுவி மடிச்சு ஆருக்கு எதெண்டு சொல்லி வைச்சிரிக்கான். எனக்குப் பயமா இரிக்கி."

"நான் வந்து என்ன புள்ள செய்ய?"

"மேல கிடக்கிறதுல பெரிசு உங்கடதான்."

போனார். கூரையின் கீழே நின்றதும் கேட்டது. ஒரே சிரிப்பு என்று ஊர் நினைத்திருந்தது, ஆனால் அது நூற்றுச்சொச்சம் தனித்தனிச் சிரிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் இறைக்கும் மெசின் மூச்சு வாங்குவதுபோல ஒன்று: அவருடையது. இதையா ஊர் ரசித்தது என்று காது கூசியது.

உதயரூபன் பாயில் சுவரைப் பார்த்துக் கிடந்தான். நல்லரத்தினத்துக்கு முதன்முறையாக ஒரு பகிடியும் வரவில்லை. அதனால் நேராகக் கேட்டார்.

"சாகலாமெண்டு யோசிக்கிறியா மனே?"

சுவரிலிருந்து திரும்பாமலே, "ஓம் மாமா" என்றான். "மூண்டு வருசத்தில இதை ஒருத்தரும் கேக்கல்ல."

"நான் செஞ்சது..."

"மன்னிப்பை மறுகா பாப்பம். இப்ப எழும்பிப் போகாம இரிங்க."

இருந்தார். ஏழு நாட்கள் அவரும் சுலோஜனாவும் மாறி மாறி அவனைத் தனியே விடாமல் இருந்தார்கள். இரண்டாம் நாள் மூவரும் பஸ்ஸேறி மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஸஹீதா என்ற தாதி, யாரை நேசித்தாய் என்று கேட்டு, பிரதீஸ் என்றதும் முகம் மாறாமல், "அவருக்கு என்ன சாப்பாடு புடிக்கும்?" என்று கேட்டாள். உதயரூபன் இரண்டு மணித்தியாலம் பேசினான். கிழமைக்கொரு தடவை போகவேண்டும் என்றாள், போனான்.

எட்டாம் நாள் நல்லரத்தினம் ஒலிபெருக்கியைச் சைக்கிளில் கட்டினார். முதலில் பிரதீசின் பெயரை வாசித்தார். பிறகு, "ஆனிச் சடங்கில் சிரித்தவர்கள் தங்கள் சிரிப்பைச் சுலோஜனா வீட்டில் வந்து எடுத்துக்கொள்ளவும். நான் என்னுடையதை எடுத்துவிட்டேன், தொண்டையில் முள்போல இருக்கிறது, ஆனால் ஆளைக் கொல்லாது" என்று ஊர் முழுக்கச் சொன்னார். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாள் வண்ணக்கர் வந்து, யாரையும் பார்க்காமல் முற்றத்தில் வாயைத் திறந்து நின்றார். அவருடையது விக்கலாக உள்ளே இறங்கியது. அதன் பிறகு வரிசை. கட்டாரில் வேலைக்குப் போயிருந்த ஒருவர் போன் வழியாக உறிஞ்சிக்கொண்டார். சிலர் உதயரூபனிடம் ஏதோ சொன்னார்கள், சிலர் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தே நின்றார்கள். உள்ளே வராமல் வேலியோடு போனவர்களும் உண்டு. அவர்களுடையது அவர்கள் வீட்டுக்குத் தானே போய்ச் சேர்ந்ததாகச் சொல்கிறார்கள்.

கடைசியில் பதினொன்று மிஞ்சின. சிரித்தவர்கள் செல்லடியிலும் காட்டிலும் செத்துப்போனவர்கள், காணாமற்போனவர்கள். "இவங்களைச் சிரிக்கப் பண்ணினது நான்தானே" என்று நல்லரத்தினம் அவற்றைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

அடுத்த வைகாசியில் யுத்தம் முடிந்தது என்று பட்டாசு கொளுத்தினார்கள். உதயரூபனுக்கு இருபத்து நான்கு வயது. டவுனில் போன் திருத்துகிறான். நல்லரத்தினத்தை மன்னித்தானா என்று கேட்டால் "பாப்பம்" என்கிறான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில்தான் மத்தியானச் சோறு. கூரைமேல் பதினொரு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் அந்த வீட்டில் எல்லோரும் கொஞ்சம் உரக்கப் பேசிப் பழகிவிட்டார்கள்.

"மாமா, மீன்கறிக்கு உப்புக் காணா!" என்று கத்தினான் உதயரூபன், தட்டை மறுபடி நீட்டியபடி.