மாக்கிறட்டின் முறை

மாக்கிறட் என்று கரைவலைக்குச் சொந்தக்காரியான ஒரு சம்மாட்டி உலகத்திலேயே இல்லை. நிறஞ்சலாவுக்கு அது நன்றாகத் தெரியும். அவளை உண்டாக்கியதே நிறஞ்சலாதான்.

இன்றைக்குக் கடலில் யாருடைய வலை இறங்கும், நாளைக்கு யாருடையது என்று சொல்ல ஊர்ச் சங்கத்துக்கு அவள் ஒரு செயலி செய்து கொடுத்திருந்தாள். இனிச் சீட்டுக் குலுக்கவும் வேண்டாம், சட்டையைப் பிடிக்கவும் வேண்டாம். ஒரேயொரு பிழை வந்தாலும் பழையபடி சீட்டுத்தான் என்று சங்கத் தலைவர் கொன்ஸ்ரன்ரைன் சொல்லியிருந்தார். அவர் அவளுடைய தாய்மாமன், ஞானத்தகப்பனும்கூட. ஆனாலும் சொன்னால் சொன்னதுதான். கொழும்பு வேலையை விட்டு வந்தவளுக்கு இந்தச் செயலி போனால் ஊரில் தலைகாட்ட முடியாது.

பிழை வரக்கூடாதென்றுதான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தானியங்கிச் சோதனை ஏற்பாட்டை அமைத்தாள். செயலியின் நிரலில் ஒரு புள்ளியை மாற்றி அனுப்பினாலும் போதும். கணினி தானாகவே செயலியைக் கட்டி, மாக்கிறட் என்றொருத்தியைப் பட்டியலின் முதல் ஆளாகச் சேர்த்துப் பார்த்து, எல்லாம் சரியென்று பச்சை காட்டும். பதினொரு தரம் அனுப்பினாள். பதினொரு தரமும் பச்சை. சேர்த்தது சங்கத்தின் அசல் பட்டியலில் என்பதை மட்டும் அந்தக் கெட்டிக்காரி கவனிக்கவில்லை.

திங்கள் காலை சம்மாட்டிமார் நாலு பேரும் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கிட்டத்திலேயே சூடைமீன் கூட்டம் கறுப்பாகக் கிடந்தது.

“இண்டைக்கு மாக்கிறட்டின்ர முறை,” என்றார் கொன்ஸ்ரன்ரைன். “அவ வரட்டும்.”

“வேற ஆரும் வலை வளைக்கலாமே, மாமா?” என்றாள் நிறஞ்சலா.

“அடுத்தவையின்ர முறையில வலை போட்டால் வெட்டுக்குத்துத்தான். ஆர் பிள்ளை இந்த மாக்கிறட்? இல்லாட்டி நீ செய்த அப்தான் பிழையோ?”

பட்டியலில் ஒரு பெயரை அழிக்கத் தலைவரால்தான் முடியும். ஆகவே நிறஞ்சலா பனை மறைவில் மடிக்கணினியைத் திறந்து, மாக்கிறட்டை மறைக்கும்படி ஒரு வரி எழுதி அனுப்பினாள். சோதனை ஏற்பாடு கடமை தவறாமல் ஓடியது. மாக்கிறட்டை இன்னொரு தரம் சேர்த்தது. சேர்த்தவளைக் காணவில்லையே என்று சிவப்புக் காட்டியது. திருத்தத்தை ஒருவருக்கும் அனுப்பமாட்டேனென்று நின்றுவிட்டது.

தலைவரின் போன் சத்தமிட்டது. “மாக்கிறட்டுக்கு இப்ப பன்னிரண்டு முறை,” என்றார்.

சம்மாட்டிமார் சீட்டுக் குலுக்கும் தகரப் பேணியைத் தேடத் தொடங்கினார்கள்.

“நான்தான் மாக்கிறட்,” என்றாள் நிறஞ்சலா.

“உனக்கு ஞானஸ்நானத்தில பேர் வைச்சவன் நான்.”

“இது உறுதிபூசுதலுக்கு எடுத்த பேர், மாமா.”

உறுதிபூசுதலுக்கு அவள் எடுத்த பெயர் செசிலியா. அன்றைக்கும் பக்கத்தில் நின்றவர் அவர்தான். அவர் அவளைப் பார்த்தார், பேணியைப் பார்த்தார், மீனை நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப பட்டியல் சரி,” என்றார். “என்ர வலையை எடுங்கோ. ஆனால் முறைக்காரியும் கயிறு பிடிக்கவேணும்.”

மூன்று மணித்தியாலம் இழுத்தாள். வலையின் மடி நிறைய மீன். இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து, ஒரு எழுத்துத் தட்டவும் விரல் மடங்கவில்லை. செயலி தப்பிவிட்ட சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்தது.

பிறந்த நாள் முதல் அவளை நீ என்றே கூப்பிட்டு வந்த மாமா, தொப்பியைக் கழற்றிக்கொண்டு கிட்ட வந்தார்.

“நாளைக்கும் அஞ்சு மணிக்கு வந்திடுங்கோ, மாக்கிறட். உங்களுக்கு இன்னும் பதினொண்டு இருக்கு.”