பதினாறு அடிப் படகு

சின்னதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று படகு விற்கிறவன் சொன்னதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விலை குறைந்ததை வாங்கச் சொல்லும் வியாபாரியை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

ஏரியை ஒட்டி அவன் கொட்டகை. வாசலில் இரண்டு மோட்டார் படகுகள், ஒன்று பதினாறு அடி, இன்னொன்று இருபத்திரண்டு, பக்கம் பக்கமாக இழுவை வண்டிகள்மேல் உட்கார்ந்திருந்தன. அவன் கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் போடாமல் தலையில் மாட்டியிருந்தான். மனதுக்குள் அவனுக்குத் தலைக்கண்ணாடி என்று பெயர் வைத்துவிட்டேன்.

"ஓட்டப்போறது யாரு சார்?"

"நான்தான்."

"கூட வர்றது?"

"என் வீட்டுக்காரி."

"அவ்வளவுதானா? அப்ப சின்னது போதும்."

"மாமா, இதுல எட்டுப் பேர் போகலாம்னு எழுதியிருக்கு!" என்று பெரிய படகின் மேலிருந்து ஒரு சத்தம். என் மச்சான், வீட்டுக்காரியின் தம்பி. கூப்பிடாமலே கூட வந்து, அதற்குள் மேலே ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தன்னைத்தானே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"எட்டுப் பேரு எதுக்குடா? மாநாடா நடத்தப்போறோம்?" என்றாள் அவன் அக்கா.

எனக்குப் படகு ஆசை கிடையாது. முப்பத்தெட்டு வருடம் லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன், எனக்குத் தரைதான் சரி. நீச்சலும் தெரியாது. எல்லாம் அவளுக்காக. போன வருடம் அவளுக்கு இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள். நீந்தினால் நல்லது என்று டாக்டர் சொன்னார். அவள் மீன் மாதிரி நீந்துவாள். ஆனால் இந்த ஏரியின் கரை முழுக்க முழங்கால் ஆழத்துக்குச் சேறு. புது இடுப்போடு அதில் இறங்கினால் பிடுங்கி எடுக்க நாலு பேர் வேண்டும். காசு கட்டி நீச்சல் குளத்துக்குப் போனாள். நாலே நாள். "மருந்து நாத்தம். இந்தச் சுவத்துல முட்டிட்டு அந்தச் சுவத்துல முட்டறதுக்குப் பேரு நீச்சலா?" என்று நிறுத்திவிட்டாள்.

நடு ஏரியில் நல்ல தண்ணீர். படகில் போய் அங்கே இறங்கி, திரும்ப அதிலேயே ஏற வேண்டும். யாரையும் கேட்டு நிற்காமல் நாங்கள் இரண்டு பேரே போய்வர வேண்டும். அதற்காக இந்த வயதில் ஒரு வாரம் வகுப்புக்குப் போய் ஓட்டுவதற்கு லைசென்சும் வாங்கிவிட்டேன்.

சின்னதில் ஏதோ குறை இருக்கிறது, தள்ளிவிடப் பார்க்கிறான் என்று தேட ஆரம்பித்தேன். ஒரு காசால் படகின் உடம்பு முழுக்கத் தட்டிப் பார்த்தேன். எங்கேயும் ஓட்டைச் சத்தம் இல்லை. உள்ளே ஏறித் தரைப் பலகையைக் குதிகாலால் மிதித்தேன். அமுங்கவில்லை. எஞ்சின் மூடியைக் கழற்றி எண்ணெயை விரலில் தொட்டு மோந்தேன். இழுவை வண்டியின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் காதை வைத்தேன். எல்லாம் சுத்தம். குறை கிடைக்காததே எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

"மாமா அவரோட நிழல்கிட்டயே ரசீது கேப்பாரு," என்றான் மச்சான் தலைக்கண்ணாடியிடம்.

வீட்டுக்காரி இரண்டு படகுகளின் பின்பக்கத்தையும் சுற்றி வந்தாள். "ஏங்க, குதிக்கிறது இருக்கட்டும். ஏறுறது எப்படி?"

இத்தனை நாள் நான் எஞ்சினைப் பற்றியே யோசித்திருக்கிறேன். இதை யோசிக்கவே இல்லை.

தலைக்கண்ணாடி ஏணிகளை இறக்கிக் காட்டினான். பெரிய படகின் பின்னால் தண்ணீரை ஒட்டி ஒரு பலகை, அதிலிருந்து நாலு படி கீழே போகிறது. சின்னதில் எஞ்சினுக்குப் பக்கத்தில் இரண்டே படி. கடைசிப் படி தண்ணீருக்குள் ஒரு சாண்கூட இறங்காது. முட்டி இடுப்புக்கு மேலே வரக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. இரண்டு படி ஏணியில் ஏற முட்டி மார்புக்கு வர வேண்டும்.

"அப்ப பெருசுதான்," என்றேன். குறையைக் கண்டுபிடித்த திருப்தி எனக்கு.

"ரெண்டையும் தண்ணில பாத்துட்டுச் சொல்லுங்க சார்," என்றான் அவன்.

அவள் தயாராகத்தான் இருந்தாள். சேலைக்கு அடியில் நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதலில் பெரியது. நடு ஏரியில் இறங்கினாள், ஒரு சுற்று நீந்தினாள், வந்தாள். நாலு படியில் கால் வைத்தாள். நான் பலகையில் உட்கார்ந்து கையைக் கொடுத்து இழுத்தேன். படகு அசையவே இல்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன். முடியவில்லை. திரும்பி வரும்போது பக்கவாட்டில் காற்று. படகின் வயிற்றில் காற்று மோதித் தள்ளுகிறது. படித்துறையில் ஒட்டப் பார்க்கிறேன், ஒதுங்குகிறது. மூன்று தடவை இடித்தேன். நாலாவது தடவை தலைக்கண்ணாடி ஸ்டீயரிங்கை வாங்கிக்கொண்டான். கயிறு பிடிக்க ஒருவன், வண்டியில் ஏற்ற இன்னொருவன் என்று ஆள் வேண்டும். இடுப்பு மாற்றியவளைக் கயிறு இழுக்கச் சொல்ல முடியுமா?

"நான் எதுக்கு இருக்கேன் மாமா? ஒரு போன் போடுங்க, வந்து நிப்பேன்," என்றான் மச்சான்.

அக்காவின் ஆபரேஷன் அன்று "கிளம்பிட்டேன் மாமா" என்றவன் நாலாம் நாள் வந்தான். இவனை நம்பிப் படகு வாங்குவது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குகிற மாதிரி. அதை அவனிடமே சொன்னேன். சிரித்தான். அவனுக்கு உறைக்காது.

அடுத்தது சின்னது. இதிலும் தலைக்கண்ணாடி கூட வந்தான். இது நான் சொன்னபடி கேட்டது, திருப்பின பக்கம் திரும்பியது. அவள் இறங்கி நீந்திவிட்டு ஏணிக்கு வந்தாள். கால் எட்டவில்லை. நான் குனிந்து அவள் இரண்டு கையையும் பிடித்து இழுத்தேன். என் எடையும் அவள் எடையும் ஒரே மூலையில். படகு சாய்ந்து, தண்ணீர் உள்ளே வந்து, என் தலை ஏரியைத் தொடப்போனது.

"விடுங்க சார்! கையை விடுங்க!"

விட்டேன். படகு நிமிர்ந்தது. மிதவைச் சட்டையின் வாரை இறுக்கிக்கொண்டேன். அவள் தண்ணீரில் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னைக் காப்பாத்த வந்து நீங்க முழுகிடாதீங்க."

தலைக்கண்ணாடி சொன்னான். "சின்னப் படகுல இழுக்கக் கூடாது சார். அவங்க இந்த மூலைல ஏறினா நீங்க எதிர் மூலைக்குப் போயிடணும். முன்னாடி, அந்தப் பக்கம். அப்பத்தான் சமமா நிக்கும்."

"பொண்டாட்டி தண்ணில கிடக்கா, நான் அந்தப் பக்கம் போய் உக்காரவா?"

"ஆமா சார். அதுதான் உதவி."

அன்றைக்கு அந்த ஏணியில் அவளால் ஏற முடியவில்லை. படகைப் பிடித்துக்கொண்டே மிதந்து வந்து படித்துறைப் படியில் ஏறினாள். துண்டைப் போர்த்திக்கொண்டு, "இது ரெண்டும் வேணாம்னா சொல்லிடுங்க. நான் வீட்டுல உக்காந்துக்கறேன்," என்றாள். கோபம் எதுவும் இல்லாமல் சொன்னதால்தான் எனக்குச் சுருக்கென்றது.

நான் போய் அந்த இரண்டு படி ஏணியைச் சாணால் அளந்தேன். துருப்பிடிக்காத குழாய், நல்ல சாமான். "இதைக் கழட்டிக் குடு," என்றேன்.

"எடுத்துட்டுப் போங்க."

"முன்பணம் கேக்கமாட்டியா?"

"ஏணியை வச்சுக்கிட்டு எங்க சார் ஏறி ஓடப்போறீங்க?"

"சரி, இதுக்குப் பதில் சொல்லு. எதுக்குச் சின்னதைச் சொன்னே?"

தலையிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "பெருசை வித்தா ரெண்டே மாசத்துல திரும்பி வந்து கத்துவீங்க. உங்க மூஞ்சியைப் பாத்ததுமே தெரிஞ்சுது."

அவன் முதல் தடவையாகச் சொன்ன நம்பும்படியான பேச்சு அது.

வீட்டுக் கொல்லையில் இரண்டு நாள் வெல்டிங் வேலை. அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வலிக்காமல் கால் எவ்வளவு தூக்க முடியும் என்று காட்டினாள், நான் சாக்கட்டியால் சுவரில் கோடு போட்டேன். அதே அளவில் கீழே இன்னும் இரண்டு படி, மேலே கைப்பிடிக்கு ஒரு வளைவு. பிசிறை அரம் போட்டுத் தேய்த்தேன். மூன்றாம் நாள் போய்ப் படகில் மாட்டினோம். தலைக்கண்ணாடி சாவியைக் கொடுத்துவிட்டுக் கரையிலேயே நின்றுகொண்டான். மச்சானுக்குப் போன் போட்டிருந்தேன். கிளம்பிவிட்டேன் என்றான்.

நடு ஏரியில் எஞ்சினை அணைத்தேன். அவள் மெல்ல இறங்கினாள். முக்கால் மணி நேரம் நீந்தினாள். படகுக்குப் பக்கமாக வரச்சொல்லிக் கத்தினேன், கேட்கவில்லை. பிறகு அவளாகவே வந்து ஏணியைப் பிடித்தாள்.

"போங்க அந்தப் பக்கம்."

எதிர் மூலைக்குப் போனேன். பார்த்துக்கொண்டிருந்தால் கை நீளும் என்று தெரியும். அதனால் முதுகைக் காட்டி உட்கார்ந்து விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் ஒரு படி ஏறினாள், என் அடியில் படகு கொஞ்சம் தூக்கிக்கொண்டது. இரண்டாவது படி, இன்னும் கொஞ்சம். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அவள் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்திருக்கலாமா என்று என் கால் கேட்டது. நான் எதிர்க் கரையிலிருந்த தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது. நாலாவது. ஈரக்கால் பலகையில் பட்ட சத்தம். படகு சமமாக நின்றது.

"கொஞ்சம் எழுந்திரிங்க," என்றாள். "துண்டு மேல உக்காந்திருக்கீங்க."

படித்துறையில் ஒரே தடவையில் ஒட்டினேன். மச்சான் வந்திருக்கவில்லை. சின்னதையே எடுத்தோம். தலைக்கண்ணாடியிடம் ரசீது கேட்டு வாங்கிக்கொண்டேன்.